முன்வரிசையைப் பாருங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்ப்பதில் எனக்கு இருக்கும் ஆசையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஒரு புறநகரில் குடியிருக்கிறேன். செப்டம்பர் பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் சமையலை முடித்து, அடுப்பைத் துடைத்து வைத்துவிடுவேன். அந்த நேரத்தில் பிறந்தநாள், வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று யாராவது அழைத்தால் மாலையில் வந்து பார்க்கிறேன் என்றுதான் சொல்வேன். சிகாகோ பேர்ஸ் அணி ஆடும் நேரம் அது. என் உறவுக்காரர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள்.

"அதுல என்ன இருக்கு? ஒருத்தர் மேல ஒருத்தர் விழறாங்க, எழுந்து நிக்கறாங்க, மறுபடியும் விழறாங்க" என்று நம்மவர்கள் பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஓர் ஆட்டம் தொலைக்காட்சியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் பந்து உண்மையிலேயே ஆட்டத்தில் இருக்கும் நேரம் சுமார் 11 நிமிடம்தான் என்று 2010-இல் ஓர் அமெரிக்க நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. மீதி நேரமெல்லாம் கூடிப் பேசுவதும், வரிசையில் வந்து நிற்பதும், மறு ஒளிபரப்பும், விளம்பரமும். இதை ஒரு குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று நாமே யோசித்துப் பார்க்க இந்த ஆட்டம் நமக்கு நேரம் கொடுக்கிறது. அந்த நேரத்தில் எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிட்டால் போதும், எழுந்து போக மனம் வராது.

எங்கே பார்ப்பது என்பதைத்தான் இன்று சொல்ல ஆசைப்படுகிறேன். அதற்கு முன் விதிகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கெஜ நீளம், இரண்டு முனையிலும் பத்துப் பத்துக் கெஜம் கூடுதல். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் 3 புள்ளி. ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், அல்லது முன்னால் இருக்கும் ஆளுக்கு வீசலாம். ஓடப்போகிறார்களா வீசப்போகிறார்களா என்பதுதான் எதிரணியின் கவலை. பார்க்கிறவர்களின் சுவையும் அதில்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எல்லார் கண்ணும் பந்தை வாங்கி வீசுகிற குவாட்டர்பேக் மேல்தான் இருக்கும். பந்து அவர் கையில்தான் வருகிறது, விளம்பரங்களில் வருவதும் அவர் முகம்தான். கேமராவும் பந்தோடுதான் போகும். ஆனால் அவருக்கு முன்னால் ஐந்து பேர் குனிந்து நிற்கிறார்களே, அவர்களைப் பாருங்கள். நடுவில் சென்டர். அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு. கார்டுகளுக்கு வெளியே டேக்கிள். சாதாரணமாக ஆளுக்கு 135 கிலோவுக்கு மேல் இருப்பார்கள். சட்டையில் 50-லிருந்து 79 வரைக்குள் ஓர் எண். சென்டர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பதோடு சரி. மற்ற நால்வரும் ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போவார்கள். முன்னால் வீசப்படும் பந்தைப் பிடிக்க இந்த ஐந்து பேருக்கும் விதியே அனுமதி தருவதில்லை. நடுவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒருவர் பிடிக்க நிற்கலாம், அது அபூர்வம்.

கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பாடிப்போகிறவரை மட்டும் பார்த்தால் பாதி ஆட்டம்தான் தெரியும். மூலையில் நிற்பவரின் கால் எப்போது நகர்கிறது என்று பார்க்கிறவருக்குத்தான் பிடி எங்கே விழும் என்று ஒரு கணம் முன்னதாகத் தெரியும்.

அந்த ஒரு கணம் முன்னதாகத் தெரிவதுதான் எனக்கு வேண்டும். பந்து பின்னால் வந்த உடனே இரண்டு கார்டுகளில் ஒருவரைப் பாருங்கள். அவர் பின்வாங்கி, இடுப்பைத் தாழ்த்தி, இரு கைகளையும் மார்புக்கு முன் நீட்டினால் குவாட்டர்பேக் பந்தை வீசப் போகிறார். கார்டு முன்னால் பாய்ந்து எதிராளியைத் தள்ளினால் ஓட்டம். முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் தன் வரிசைக்குப் பின்புறமாகவே பக்கவாட்டில் ஓடினால், பந்தோடு ஓடப்போகிறவர் அவர் பின்னாலேயே அந்தப் பக்கம் வரப்போகிறார் என்று பொருள். எதிரணியின் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சியாளர்கள் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே இதுதான். சோபாவில் உட்கார்ந்திருக்கும் நாமும் அதே பாடத்தைப் படிக்கலாம்.

எதிரணியும் இந்தப் பாடத்தைப் படித்திருப்பதால் அவர்களை ஏமாற்றவும் வழி உண்டு. முன்வரிசை முழுவதும் ஓட்டத்துக்குப் பாய்வதுபோல் முதல் அடி எடுத்து வைக்கும். குவாட்டர்பேக் பந்தைக் கொடுப்பதுபோல் கையை நீட்டி, கொடுக்காமல் இழுத்துக்கொண்டு வீசுவார். இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது, ஸ்க்ரீன் பாஸ். வீசுவதற்காகத் தடுப்பதுபோல் தடுத்து, எதிரிகளை வேண்டுமென்றே உள்ளே விட்டுவிடுவார்கள். அவர்கள் குவாட்டர்பேக்கைப் பிடிக்கப் பாயும்போது பந்து அவர்கள் தலைக்கு மேல் சிறிய வளைவாகப் பக்கத்தில் நிற்கும் ஓட்டக்காரர் கைக்குப் போகும். அதற்குள் இந்தப் பெரிய உருவங்களில் இரண்டு மூன்று பேர் வெளியே ஓடிவந்து அவருக்கு முன்னால் வழி போட்டுக்கொண்டு போவார்கள். 140 கிலோ மனிதர் ஒருவர் தன்னில் பாதி எடையுள்ள ஆளைத் துரத்திக்கொண்டு திறந்த வெளியில் ஓடுவதை நேரில் பார்த்தால் அந்த உடம்புக்குள் இருக்கும் வேகம் புரியும்.

சத்தத்தையும் கவனியுங்கள். சொந்த ஊர் அணியிடம் பந்து இருக்கும்போது பேர்ஸின் மைதானமான சோல்ஜர் ஃபீல்டில் கூட்டம் தானாக அடங்கிவிடும். எதிரணியிடம் பந்து போனதும் கத்தல் தொடங்கும். குவாட்டர்பேக்கின் குரல் அவருடைய முன்வரிசைக்கே கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கத்தல். அப்போது வெளியூர் அணி என்ன செய்யும் தெரியுமா? ஒரு கார்டு தலையைத் திருப்பிக் கால்களுக்கிடையே பின்னால் பார்ப்பார். குவாட்டர்பேக் காலைத் தூக்கி ஜாடை காட்டியதும் சென்டரைக் கையால் லேசாகத் தட்டுவார். சென்டர் ஒருமுறை தலையை அசைத்துவிட்டுப் பந்தைப் பின்னால் கொடுப்பார். அறுபதாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்தும் இடத்தில் ஐந்து பேரும் ஒரே கணத்தில் எழ வேண்டும். யாராவது ஒருவர் முந்திவிட்டால் ஐந்து கெஜம் பின்னால் போக வேண்டியதுதான்.

முன்வரிசைக்காரர் ஒருவர் நன்றாக ஆடினால் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. தவறு செய்தால் மட்டும் நடுவர் ஒலிபெருக்கியில் அவருடைய எண்ணை ஊருக்கே அறிவிப்பார்: எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தார், பத்துக் கெஜம் தண்டனை. அவரும் ஒன்றும் சொல்லாமல் மறுபடி வந்து குனிந்து நிற்பார். அந்த வேலை மேல் எனக்கு மரியாதை அதிகம். அதனால்தான் இதை இத்தனை விரிவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டு பேர். ஒருவர் எங்கள் எதிர்வீட்டு அம்மா. பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் குடிவந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்து, பந்தை விட்டுவிட்டு கார்டைப் பார் என்று சொன்னார். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு வானொலியை வைத்துக்கொள்வார். சிகாகோவில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. தேசியத் தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். ஊர் வானொலியில் இருப்பவர்கள் இந்த அணியோடுதான் வருஷம் முழுவதும் இருக்கிறார்கள்.

இரண்டாமவரை நான் அந்த வானொலியில்தான் கேட்டேன். டாம் தேயர். ஜெஃப் ஜோனியாக் ஆட்டத்தை வேகமாகச் சொல்லிக்கொண்டு போக, அது ஏன் அப்படி நடந்தது என்று விளக்குவது தேயரின் வேலை. அவர் சிகாகோவுக்குத் தென்மேற்கே உள்ள ஜோலியெட் ஊர்க்காரர். 1985-ஆம் வருஷத்து பேர்ஸ் அணியின் முன்வரிசையில் கார்டாக ஆடியவர். ஒரு நல்ல ஓட்டம் முடிந்ததும் மற்ற வர்ணனையாளர்கள் ஓடியவரைப் பாராட்டிக்கொண்டிருப்பார்கள். தேயர் மட்டும் வலது டேக்கிள் எந்தக் காலை முதலில் வைத்தார், சென்டரும் கார்டும் ஒரே எதிராளியைச் சேர்ந்து தள்ளிவிட்டு அவர்களில் யார் அடுத்த ஆளுக்குப் பிரிந்து போனார் என்பதைச் சொல்வார். கண்ணால் பார்த்தும் நான் காணாததை அவர் காதில் சொன்னார். வானொலிக்கு இந்த வல்லமை உண்டு என்பதை இந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்வதில் எனக்குச் சந்தோஷம்.

தேயர் ஆடிய அந்த வரிசையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஜிம்போ கோவர்ட், மார்க் போர்ட்ஸ், ஜே ஹில்கன்பர்க், டாம் தேயர், கீத் வான் ஹார்ன். இடமிருந்து வலமாக இந்த ஐந்து பெயர்களைச் சிகாகோவில் வயதானவர்கள் இன்றும் மூச்சு விடாமல் சொல்வார்கள். புது ஆட்டக்காரர்களை அணிகள் பிரித்து எடுக்கும் தேர்வில் ஹில்கன்பர்க்கை 1981-இல் யாரும் எடுக்கவில்லை. தானாக வந்து இடம் பிடித்தவர். 1983-லிருந்து 1986 வரை தொடர்ந்து நான்கு வருஷம், ஓடி எடுத்த கெஜங்களில் பேர்ஸ்தான் என்.எஃப்.எல். என்ற தேசிய லீகில் முதலிடம். அந்த வருஷங்களில் ஓடியவர் வால்டர் பேட்டன். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 16,726 கெஜம் இருந்தது, அன்றைக்கு அதுதான் சாதனை. நாற்பதுகளின் நடுவிலேயே, 1999-இல், அவர் இறந்துபோனார். அவருடைய பழைய ஓட்டங்களின் படப்பதிவு கிடைத்தால் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பேட்டனுக்காக. இரண்டாம் முறை அவருக்கு முன்னால் வழி திறப்பவர்களுக்காக.

இருந்தாலும் முன்வரிசையின் பெருமையைச் சொல்ல இதைவிடப் பெரிய ஆட்டம் ஒன்று உண்டு. அது எங்கள் பரம்பரை எதிரிகளான கிரீன் பே பேக்கர்ஸ் ஆடியது. உண்மை யாரிடம் இருந்தாலும் உண்மைதானே. 1967 டிசம்பர் 31, விஸ்கான்சின் மாநிலம் கிரீன் பே. டாலஸ் கவ்பாய்ஸ் அணியோடு சாம்பியன்ஷிப் ஆட்டம். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது செல்சியஸில் மைனஸ் 25. தரைக்கு அடியில் பதித்திருந்த சூடேற்றும் கருவி வேலை செய்யாமல் போய், மைதானம் பாறைபோல் உறைந்துவிட்டது. நடுவரின் உலோக விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டது. அதற்குப்பின் விசில் இல்லாமல் குரல் கொடுத்தே ஆட்டத்தை நடத்தினார்கள். அந்தக் குளிரில் ஐம்பதாயிரம் பேர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்து நிமிடம்கூட மீதமில்லை, பேக்கர்ஸ் மூன்று புள்ளி பின்னால். 68 கெஜம் போயாக வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்கள். கடைசியில் 16 வினாடி பாக்கி, கோட்டுக்கு ஓர் அடி, இரண்டு அடி தூரம். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் உரிமையும் தீர்ந்துவிட்டது. உதைத்து மூன்று புள்ளி எடுத்துச் சமன் செய்திருக்கலாம். பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி அதைச் செய்யவில்லை. குவாட்டர்பேக் பார்ட் ஸ்டார் பந்தை யாருக்கும் கொடுக்காமல், ஜெர்ரி கிரேமர் என்ற கார்டின் முதுகுக்குப் பின்னாலேயே போய்க் கோட்டுக்குள் விழுந்தார். கிரேமரும் சென்டர் கென் போமனும் சேர்ந்து எதிரில் நின்ற ஜெத்ரோ பியூவை அப்புறப்படுத்தியிருந்தார்கள். 21-க்கு 17, பேக்கர்ஸ் வெற்றி. தொலைக்காட்சி அந்தத் தள்ளலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டியது. நாடு முழுவதும் ஒரு கார்டின் வேலையைக் கண்கொட்டாமல் பார்த்தது. அந்த கிரேமருக்கு ஃபுட்பால் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது 2018-இல்தான்.

சரி, பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். விருந்துகளில் நான் ஃபுட்பால் பார்ப்பேன் என்று சொன்னதும் யாராவது ஒருவர் எனக்குப் பரீட்சை வைப்பார். இந்த விதி என்ன, அந்த ஆட்டக்காரர் யார், போன வருஷம் எத்தனை ஜெயித்தார்கள் என்று கேள்விகள் வரும். பக்கத்தில் நிற்கும் ஆணிடம் யாரும் கேட்பதில்லை. அமெரிக்கப் பெண்களும் இதே அனுபவத்தைச் சொல்கிறார்கள். ரசிகர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பெண்கள் என்று லீகே சொல்லிவருகிறது. பரீட்சை மட்டும் நிற்கவில்லை. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம். ஏனென்றால் இந்த ஆட்டத்தை யாரைவிடவும் நீண்ட காலம் பார்த்தவர்களில் ஒருவர் ஒரு பெண். அதுவும் எங்கள் ஊர்ப் பெண்.

வர்ஜீனியா மெக்காஸ்கி. பேர்ஸ் அணியைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஹாலஸின் மகள். 1923-இல் பிறந்தவர். 1932 டிசம்பரில் பேர்ஸும் போர்ட்ஸ்மவுத் ஸ்பார்ட்டன்ஸும் பட்டத்துக்காக மோத வேண்டியிருந்தது. கடும் பனியும் குளிரும் என்பதால் ஆட்டத்தை சிகாகோ ஸ்டேடியம் என்ற உள்ளரங்கத்துக்கு மாற்றினார்கள். சர்க்கஸுக்காகக் கொட்டியிருந்த மண் அப்படியே தரையில் கிடந்தது. இடம் போதாமல் மைதானத்தை 80 கெஜமாகச் சுருக்கினார்கள். பேர்ஸ் 9-க்கு 0 என்று ஜெயித்தது. டச்டவுனுக்கான அந்தப் பந்தை பிராங்கோ நகுர்ஸ்கி வீச, ரெட் கிரேஞ்ச் பிடித்தார். வீசுகிறவர், இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் கோட்டிலிருந்து ஐந்து கெஜமாவது பின்னால் நிற்க வேண்டும் என்பது அன்றைய விதி. நகுர்ஸ்கி அவ்வளவு பின்னால் இல்லை என்று எதிரணி சண்டை பிடித்தது. அடுத்த வருஷமே லீக் அந்த விதியை எடுத்துவிட்டு, கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்து வேண்டுமானாலும் வீசலாம் என்று மாற்றியது. இன்று நாம் பார்க்கும் வீச்சு ஆட்டம் வளர்ந்ததற்கு அந்த மாற்றமும் ஒரு காரணம். அந்த அரங்கத்தில் ஒன்பது வயதுச் சிறுமியாக உட்கார்ந்து பார்த்தவர் வர்ஜீனியா.

அப்பா 1983-இல் இறந்ததும் அணி அவர் கைக்கு வந்தது. 1986 ஜனவரியில் தேயரின் முன்வரிசை நியூ இங்கிலாந்து அணியை 46-க்கு 10 என்று வென்று, லீகின் இறுதிப் பட்ட ஆட்டமான சூப்பர் பவுலை எடுத்தபோதும் பார்த்தார். அதற்குப் பிந்தைய நீண்ட வறட்சியையும் பார்த்தார். 2025 பிப்ரவரியில் 102 வயதில் காலமானார். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஒரே அணியைப் பார்த்தவர். அவர் முதலாளி என்ற முறையில் எடுத்த முடிவுகளைப் பற்றி ரசிகர்களுக்கு ஆயிரம் குறை உண்டு, எனக்கும் உண்டு. பார்வையாளர் என்ற முறையில் அவருக்கு நிகர் யாரும் இல்லை.

இன்னொருவர் நோர்மா ஹன்ட். கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியை நிறுவிய லமார் ஹன்ட்டின் மனைவி. 1967-இல் நடந்த முதல் சூப்பர் பவுலிலிருந்து 2023-இல் நடந்த 57-ஆவது வரை ஒன்றுகூட விடாமல் நேரில் பார்த்த ஒரே பெண். முதல் ஆட்டத்தில் அவர்கள் அணி தோற்றது. கணவர் 2006-இல் இறந்த பிறகும் வருஷா வருஷம் போனார். கடைசியாகப் பார்த்த ஆட்டத்தில் அவர்கள் அணி 38-க்கு 35 என்று ஜெயித்தது. அதே வருஷம் ஜூன் மாதம் இறந்தார்.

இவர்கள் இருவரும் முதலாளி வீட்டுப் பெண்கள், அவர்களுக்கு இடம் இருந்தது என்று நீங்கள் சொல்லலாம். சொல்ல வேண்டியதுதான். வேலைக்கென்று உள்ளே போன பெண்ணுக்குக் கதவு எப்படி இருந்தது என்பதற்கு லெஸ்லி விஸர் சாட்சி. 1976-இல் பாஸ்டன் குளோப் நாளிதழ் அவரை நியூ இங்கிலாந்து அணியின் செய்திகளை எழுத அனுப்பியது. ஓர் என்.எஃப்.எல். அணியின் செய்தியை முழுநேரமாக எழுதிய முதல் பெண். கையில் கொடுத்த அனுமதி அட்டையிலேயே, நிருபர்கள் பகுதியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இடமில்லை என்று அச்சடித்திருந்தது. ஆட்டக்காரர்களைப் பேட்டி எடுக்க வண்டிகள் நிறுத்துமிடத்தில் காத்து நின்றிருக்கிறார். முப்பது வருஷம் கழித்து, 2006-இல், ஃபுட்பால் புகழ் மண்டபம் ஒளிபரப்பாளர்களுக்கான விருதை முதல்முறையாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது. அது அவருக்குத்தான். 2021-இல் சாரா தாமஸ் சூப்பர் பவுலில் நடுவர் குழுவில் நின்றார். அதிலும் அவர்தான் முதல் பெண்.

இவ்வளவு ஆசையாகப் பேசுகிறவள் இன்னொன்றையும் பேசித்தான் ஆக வேண்டும். நான் விரும்பிப் பார்க்கும் முன்வரிசைக்காரர்கள்தான் இந்த ஆட்டத்துக்கு அதிக விலை கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள். மைக் வெப்ஸ்டர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர். நான்கு சூப்பர் பவுல் வென்றவர், 17 வருஷம் ஆடியவர். ஓய்வுக்குப் பின் நினைவு தடுமாறி, வீடில்லாமல் சில காலம் தன் வண்டியிலேயே படுத்து, 2002-இல் 50 வயதில் இறந்தார். பிட்ஸ்பர்க்கில் பிணப் பரிசோதனை மருத்துவராக இருந்த நைஜீரியக்காரர் பென்னட் ஒமாலு அவருடைய மூளையை ஆராய்ந்து, திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் சிதைவை அதில் கண்டார். 2005-இல் அதை வெளியிட்டபோது, லீகைச் சேர்ந்த மருத்துவர்கள் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ஃபுட்பாலுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று லீகின் உயர் அதிகாரி ஒருவர் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டது 2016-இல். அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் குலைந்துபோய்விட்டன. 1986-இல் சூப்பர் பவுல் வென்ற எங்கள் பேர்ஸ் அணியின் டேவ் டூயர்சன் 2011-இல் தற்கொலை செய்துகொண்டார், தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்படி எழுதிவைத்துவிட்டு.

முன்வரிசையில் ஏன் ஆபத்து என்பது பார்த்தாலே தெரியும். ஓடுகிறவரோ பந்தைப் பிடிக்கிறவரோ சில முறை பலமாக அடிபடுவார். முன்வரிசைக்காரரின் தலை ஏறக்குறைய ஒவ்வொரு வாய்ப்பிலும் எதிராளியின் தலையோடோ மார்போடோ மோதுகிறது. மயங்கி விழும் அளவுக்கு அல்ல; சின்னச் சின்ன மோதல், ஒரு நாளைக்கு அறுபது எழுபது முறை, பல வருஷம். 2022-லிருந்து பயிற்சி முகாம்களில் முன்வரிசைக்காரர்கள் தலைக்கவசத்துக்கு மேலே மெத்தென்ற உறை போட வேண்டும் என்று லீக் கட்டாயமாக்கியது. நல்லதுதான். போதுமா என்றால், போதாது என்பதே என் கருத்து. நான் இந்த ஆட்டத்தைப் பார்ப்பதை விடவில்லை. அந்த ஐந்து பேரை உற்றுப் பார்க்கிற ஒருத்திக்கு அவர்கள் ஓய்வுபெற்ற பின் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ளும் கடமையும் உண்டு என்று நினைக்கிறேன். அவர்களுடைய மருத்துவச் செலவுக்கான இழப்பீட்டு வழக்குச் செய்திகளையும் ஆட்ட முடிவுகளைப் படிக்கும் அதே கவனத்தோடு படிக்கிறேன். தெரிந்தவர்கள் தங்கள் பையனை ஃபுட்பாலில் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்டால், உயர்நிலைப் பள்ளிக்கு முன்னால் மோதி ஆடும் ஃபுட்பால் வேண்டவே வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

சின்ன வயதில் ஃபுட்பால் ஆட வேறு வழி இருக்கிறது, ஃப்ளாக் ஃபுட்பால். இடுப்பில் துணிப்பட்டை தொங்கும். அதை உருவிவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். யாரும் யாரையும் கீழே தள்ளக்கூடாது. இல்லினாய் மாநிலத்தில் 2024 இலையுதிர் காலத்திலிருந்து இது உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு அதிகாரபூர்வமான விளையாட்டு, மாநிலப் போட்டியோடு. அதற்கு முன் சிகாகோ அரசுப் பள்ளிகளில் இதைத் தொடங்கிவைக்க பேர்ஸ் அணியும் உதவியது. எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் இந்தப் பெண்கள் ஆடும்போது எதிர்வீட்டு அம்மாவும் நானும் மடக்கு நாற்காலி எடுத்துக்கொண்டு போய் உட்காருவோம். அங்கே பார்வையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். தள்ளுகிறவர்கள் இல்லை என்பதால் பட்டையை உருவ வருபவளின் கண்ணும், ஓடுபவளின் இடுப்புத் திருப்பமும்தான் ஆட்டம்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் ஃபுட்பால் முதன்முறையாக வருகிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும். பக்கத்துக்கு ஐந்து பேர். அந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர் அதோடு நின்றுவிட வேண்டியதில்லை. கொடுத்த கையோடு எழுந்து முன்னால் ஓடி, வீசிய பந்தைத் தானே பிடிக்கலாம், டச்டவுனும் போடலாம். ஒலிம்பிக்கில் எந்த நாட்டுச் சென்டர் முதலில் அதைச் செய்யப்போகிறார் என்று அந்த அம்மாவும் நானும் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் மெக்சிகோ என்கிறார். நான் அமெரிக்கா என்கிறேன்.

நன்றி. வணக்கம்.